நெய் மணக்கும் இடம்

ஊத்துக்குளியில் வெண்ணெய் வாங்கத் தெரிந்தவர் யாரும் முதலில் அதை நாக்கில் வைக்க மாட்டார். கட்டியின் மேல்பரப்பைக் கத்தியால் வழித்து ஒதுக்கிவிட்டு, உள்ளிருந்து சுண்டைக்காய் அளவு எடுத்துப் புறங்கையில் தேய்த்து மூக்குக்குக் கொண்டுபோவார். மேல்பரப்பு காற்றுப் பட்டது. அது டின்னைப் பற்றித்தான் சொல்லும், வெண்ணெயைப் பற்றிச் சொல்லாது. தேய்த்தவுடன் வருவது மோர் வாசம். உடம்புச் சூட்டில் அது விலகிய பிறகு அடியில் என்ன இருக்கிறது என்று பொறுத்துப் பார்க்க வேண்டும். புளிப்பு ஏறியிருக்கிறதா, காறல் தட்டுகிறதா, கட்டுத்தரை வாசம் பாலிலேயே இறங்கிவிட்டதா, தண்ணீர் மாற்றாமல் போட்டுவைத்ததில் சிக்கு விழுந்திருக்கிறதா, எல்லாம் இரண்டாவது மூச்சில்தான் தெரியும். நாக்குக்கு வேலை கடைசியில் வரும். மாவோ உப்போ கலந்திருந்தால் அது சொல்லிவிடும்.

எங்கள் அப்பாரு காலத்திலிருந்து குடும்பத்துக்கு இதுதான் தொழில். ஈரோட்டுக்கும் திருப்பூருக்கும் நடுவில் ரயில் நிற்கிற ஊர் ஊத்துக்குளி. சுற்றுப்பட்டு ஊர்களில் எருமை வைத்திருந்த வீடுகளில் தயிர் சிலுப்பி எடுத்த வெண்ணெய் ஊருக்குள் வந்து சேரும். இங்கிருந்து டின்னில் வெளியூர் போகும். அய்யன் மண்டியில் உட்கார்ந்த காலத்தில் கடைக்குள் சில கட்டுப்பாடுகள் இருந்தன. சாமி படத்துக்கு ஊதுபத்தி வாசல்படிக்கு வெளியேதான் ஏற்ற வேண்டும். வாசனைத் தைலம் தேய்த்தவர்கள் எடைத்தட்டுப் பக்கம் வரக்கூடாது. காலையில் வெண்ணெய் பார்த்து முடிக்கும் வரை அவர் காபி குடிக்க மாட்டார். நாலைந்து டின் பார்த்ததும் தோளில் கிடக்கும் துண்டை மூக்கில் அழுத்தி ஒரு மூச்சு இழுப்பார். சோப்புப் போடாமல் வெறும் தண்ணீரில் அலசி வெயிலில் காய்ந்த துண்டு அது. ஒரே வாசத்திலேயே இருந்தால் மூக்கு அதைச் சொல்வதை நிறுத்திவிடும். தனக்குப் பழகிய இன்னொரு வாசத்தைக் காட்டினால் மறுபடி வேலை செய்யும். ஒயின் ருசி பார்க்கிறவர்கள் தங்கள் சட்டைக் கையை முகர்ந்து மூக்கைத் தெளிவாக்கிக்கொள்வார்கள் என்று பின்னால் ஒரு கட்டுரையில் படித்தபோது எனக்கு அய்யனின் துண்டுதான் நினைவுக்கு வந்தது.

மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு கரண்டி நெய்யைச் சாப்பிட்டுப் பாருங்கள். வழுவழுப்பும் லேசான இனிப்பும் இருக்கும், நெய் இருக்காது. கையை எடுத்தால் தொண்டைக்குப் பின்னாலிருந்து வாசம் மேலேறி மூக்கைத் தொடும், அப்போதுதான் நெய் வரும். நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு இப்படிப் பின்வழியாக மூக்குக்குப் போகிற வாசம். கடைக்கு வரும் பிள்ளைகளுக்கு இதைச் செய்துகாட்டுவது எனக்குப் பிடித்தமான வேலை.

நான் திருப்பூரில் சில்லறைக் கடை போட்டது பனியன் கம்பெனிகள் நெருக்கமாக இருக்கும் ஒரு சந்தில். நல்ல கடை, நல்ல வியாபாரம். ஆனால் ஊத்துக்குளி மண்டியின் காற்று அங்கே கிடையாது. ஒரு பக்கம் ஸ்டீம் அயர்ன் போடும் சூடான துணி வாசம், இன்னொரு பக்கம் மெஷின் ஆயில், தெருமுனையில் சலவைப் பட்டறையின் பிளீச்சிங் நெடி. கொழுப்பு தன்னைச் சுற்றி இருக்கும் வாசத்தை இழுத்துக்கொள்ளும். பிரான்சில் கிராஸ் என்ற ஊரில் அந்தக் காலத்தில் அத்தர் செய்தவர்கள் கண்ணாடித் தட்டில் கொழுப்பைப் பூசி அதன்மேல் மல்லிகைப் பூவைப் பரப்பி வைப்பார்களாம். பூவின் மணம் முழுவதும் கொழுப்பில் இறங்கிவிடும். அவர்கள் மல்லிகைக்குச் செய்ததைப் பிளீச்சிங் நெடி என் வெண்ணெய்க்குச் செய்துவிடும். அதனால் சந்துப் பக்கம் பார்த்த ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தேன். வெண்ணெயை மூடி இறுகிய எவர்சில்வர் பாத்திரத்தில் மட்டும் வைத்தேன். கடைக்குள் வெறும் தண்ணீரால்தான் துடைப்பது, பினாயில் கிடையாது. இன்றும் நெய் வாங்குகிறவர்களிடம் சொல்கிறேன்: துணி அலமாரியில் வைக்காதீர்கள், பூண்டுக்கூடைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், அந்துருண்டை இருக்கும் இடத்தில் வைக்கவே வைக்காதீர்கள்.

2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூரின் சாயப்பட்டறைகளும் சலவைப் பட்டறைகளும் மூடப்பட்டன. நொய்யலைக் காப்பாற்ற வந்த உத்தரவு. கழிவுநீர் ஒரு சொட்டுக்கூட வெளியே விடக்கூடாது என்பது நிபந்தனை. அதற்கு முன் வந்த ஆண்டுகளில் ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர் தேங்கி, சுற்றியிருந்த காடுகளும் கிணறுகளும் கெட்டதை எங்கள் பக்கத்து விவசாயிகள் கண்ணெதிரே பார்த்தவர்கள். உத்தரவு நியாயம், வேலை இழந்தவர்களின் கஷ்டமும் நிஜம். சந்தில் நடமாட்டம் குறைந்தது, என் வியாபாரமும் படுத்தது. அந்த மாதங்களில்தான் வாடிக்கையாளர் ஒருவர் வந்து, "ஏனுங்கண்ணா, நெய் மாத்திட்டீங்ளா? இந்த வாட்டி வாசம் தூக்குதுங்க" என்றார். அடுத்து இன்னொருவரும் அதையே சொன்னார். வெண்ணெய் கொடுத்த வீடுகளும் மாறவில்லை, உருக்கும் பதமும் மாறவில்லை. தெருமுனைப் பட்டறை நின்றிருந்தது, அவ்வளவுதான். சந்தின் காற்று வெளுத்ததும் அதே நெய் முன்னால் வந்து நின்றது. சரக்கின் தரம் என்று நாங்கள் பேசுவதில் பாதி, அதைத் திறக்கிற இடத்தின் தரம் என்று எனக்கு உறைத்தது அப்போதுதான்.

எங்கள் பக்கத்து வெண்ணெய்க்கு ஏன் இத்தனை புகழ் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் பருத்திக்கொட்டையைத்தான் சொல்வேன். திருப்பூர் பனியன் ஊர் ஆவதற்கு முன்னால் பருத்திச் சந்தை ஊர். ஜின்னிங் பேக்டரிகளில் பஞ்சு தனியாகப் போக, கொட்டை மாட்டுக்கு வரும். ஊறவைத்து ஆட்டிய பருத்திக்கொட்டையும் சோளத்தட்டும் தின்ற எருமையின் வெண்ணெய் கெட்டியாக நிற்கும், சித்திரை வெயிலிலும் சட்டென்று இளகாது. தீனியால் வந்து நம் மூக்குக்குத் தெரிகிற வேறுபாடு சோதனைச்சாலைக்கும் தெரியும். நெய்யைச் சோதிக்க ஆர்.எம். எண் என்று ஒன்று பார்ப்பார்கள். நெய்யில் இருக்கும், ஆவியாகிப் பறக்கக்கூடிய சிறு கொழுப்பு அமிலங்கள் எவ்வளவு என்பதன் கணக்கு அது. மாட்டுக்குப் பருத்திக்கொட்டை நிறையப் போட்டால் அந்த எண் இறங்கும். சௌராஷ்டிரம், விதர்ப்பா மாதிரியான பருத்தி வட்டாரங்களுக்கு அரசின் தர விதியிலேயே இந்த எண்ணைக் குறைத்து வைத்திருந்தார்கள். தின்னக் கொடுத்தது நெய்யின் வாசத்தில் வந்து நிற்கிறது. ஒயின்காரர்கள் திராட்சைத் தோட்டத்து மண்ணைப் பற்றிப் பேசும்போது இதைத்தான் பேசுகிறார்கள்.

பறக்கிற அந்த அமிலங்களில் முக்கியமானது பியூட்ரிக் அமிலம். அதற்கு வருமுன் உருக்கும் பதத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் கடையில் அதிகம் வாக்குவாதம் நடப்பது அதைப் பற்றித்தான். நம் பக்கத்தில் 115 முதல் 120 டிகிரி செல்சியஸ் வரை போக விடுவோம். சடசடப்பு அடங்கி, நுரை மெல்லியதாகி, அடியில் கசண்டு பொன்னிறத்தைத் தாண்டிச் சிவக்கத் தொடங்கும்போது ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையைப் போட்டு இறக்குவோம். பாலின் புரதமும் சர்க்கரையும் சேர்ந்து சிவக்கும்போது எழுகிற முறுகல் வாசம்தான் நமக்கு நெய். வடக்கே 110 டிகிரிக்குள்ளேயே இறக்கிவிடுவார்கள், தயிர் வாசம் தங்கியிருக்க வேண்டும் அவர்களுக்கு. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருக்கும் பையன்கள் என் நெய்யை முகர்ந்துவிட்டு, "அண்ணா, இது எரிஞ்சு போச்சு" என்றுதான் சொன்னார்கள். அவர்கள் மூக்கு பழுதில்லை. ஊரில் அவர்கள் அம்மா உருக்கிய நெய் வேறு. இப்போது அவர்களுக்காகத் தனியாக ஒரு சட்டி இளம்பதத்தில் இறக்கிவைக்கிறேன். சத் பூஜை வரும்போது அது தீர்ந்துபோகும். ஒரே வெண்ணெய், இரண்டு பதம், இரண்டு ஊர்.

இனி அந்த பியூட்ரிக் அமிலம். அதை என் முன்னால் கொண்டுவந்து வைத்தது ஒரு இத்தாலிய சீஸ். திருப்பூருக்கும் இத்தாலிக்கும் பழைய உறவு. 1970களின் கடைசியில் இங்கே ஏற்றுமதி துளிர்விட்டபோது வந்து டி-சர்ட் கேட்டவர்களில் இத்தாலிக்காரர்கள் முன்வரிசை. எனக்குப் பழக்கமான ஒரு ஏற்றுமதியாளரிடம் கார்ப்பி என்ற ஊரிலிருந்து ஒரு பையர் வருவார். கார்ப்பி, மோதெனா மாவட்டத்தில் இருக்கும் பின்னலாடை ஊர். இத்தாலியின் திருப்பூர் என்று என் நண்பர் சொல்வார். பார்மிசான் சீஸ் செய்ய உரிமை உள்ள வட்டாரத்துக்குள்ளேயே அந்த ஊர் இருக்கிறது. லாம்புருஸ்கோ என்கிற, நுரை கட்டும் சிவப்பு ஒயினும் அந்தப் பக்கத்துச் சரக்குதான். ஒருமுறை அந்தப் பையர் இரண்டையும் பெட்டியில் கொண்டுவந்து, மதியம் சாம்பிள் ரூமில் வைத்தே சீஸைப் பிரித்தார். ஏசி ஓடுகிற மூடிய அறை, மேசை முழுவதும் துணி, சாயச் சாம்பிள், மார்க்கர் பேனா. கட்டிங் மாஸ்டர் கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். மெர்ச்சண்டைசர் பெண்ணின் முகம் சுருங்கிவிட்டது. பையருக்கு வருத்தம். அவர் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் பழுத்த சீஸைத் தன் ஊரின் பெருமையாகக் கொண்டுவந்திருந்தார்.

நெய் கொடுக்கப் போயிருந்த எனக்கு அந்த வாசம் புதிதாக இல்லை. மழைக்காலத்தில் நாள்பட்டுப்போன வெண்ணெய் டின்னைத் திறந்தால் முதலில் வந்து முட்டும் பியூட்ரிக் அமில நெடிதான் அது. மண்டியில் அதை முகர்ந்தால் டின்னைத் திருப்பி அனுப்புவோம். அதே நெடியின் அடியில் இங்கே வேறொன்றும் இருந்தது. அன்னாசிப்பழத்தின் நினைவு, வறுத்த நிலக்கடலையின் நினைவு. சாயங்காலம் நண்பர் வீட்டு மொட்டை மாடியில் அதையே மறுபடி வைத்தார்கள். வெயில் தாழ்ந்திருந்தது, காற்று ஓடியது, ஒயின் பாட்டிலை ஐஸ் வாளியில் வைத்திருந்தார்கள். மதியம் மூக்கைப் பொத்திய கட்டிங் மாஸ்டரே ஒரு துண்டு எடுத்துச் சாப்பிட்டார், பிறகு இன்னொன்றும் எடுத்தார். நானும் சாப்பிட்டேன். ஒயினை ஒரு வாய் பருகினேன். சீஸின் கொழுப்பு நாக்கில் படிந்திருக்கும்போது ஒயினின் புளிப்பு வந்து அதை அலசியது, அதற்குப் பிறகு சீஸின் வாசம் இன்னும் தெளிவாக மேலேறியது. பருப்புச் சோற்றில் நெய்யும் கடைசியில் ரசமும் வருகிற வரிசையும் இந்த வேலையைத்தான் செய்கிறது.

பையர் மட்டும் முழு நிறைவாக இல்லை. தன் வீட்டில் குடிக்கிற மாதிரி இல்லை என்று மெர்ச்சண்டைசர் வழியாகச் சொன்னார். அவர் சொன்னது சரி. திருப்பூர்ச் சூட்டில் சீஸ் வேர்த்துவிடும், கொழுப்பு உருகி வெளியே வந்து வாசம் ஓங்கி அடிக்கும். ஒயின் கொஞ்சம் வெதுவெதுத்தாலும் பழவாசம் அமுங்கிச் சாராய நெடி மேலே வந்துவிடும். குளிர்ந்த நாட்டு அறைக்கென்று பழுத்த பொருள் அது. நம் நெய்க்கு நேர்மாறான கஷ்டம் இருக்கிறது. குளிர்நாட்டில் இருக்கும் சொந்தக்காரர்கள் இங்கிருந்து எடுத்துப்போன நெய் அங்கே மணக்கவில்லை என்று போனில் குறைப்படுவார்கள். குளிரில் கட்டிபட்ட நெய்யிலிருந்து வாசம் எழாது. தட்டையும் சூடு பண்ணி, சோறும் ஆவி பறக்க இருந்தால்தான் மணக்கும் என்று சொல்வேன். அப்படிச் செய்தவர்கள் மறுபடி குறை சொன்னதில்லை.

அந்த மாடிக்குப் பிறகு இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். ரேச்சல் ஹெர்ஸ் என்ற உளவியலாளரும் இன்னொருவரும் சேர்ந்து 2001-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று என்னை உலுக்கிவிட்டது. பியூட்ரிக் அமிலமும் ஐசோவலேரிக் அமிலமும் கலந்த ஒரே கலவையை ஒருமுறை பார்மிசான் சீஸ் என்றும் இன்னொருமுறை வாந்தி என்றும் பேர் சொல்லி ஆட்களிடம் முகரக் கொடுத்திருக்கிறார்கள். சீஸ் என்றபோது நன்றாக இருப்பதாகச் சொன்ன மூக்கு, வாந்தி என்றபோது அருவருத்திருக்கிறது. சாம்பிள் ரூமும் மொட்டை மாடியும் எனக்குக் காட்டியதை அவர்கள் அளந்து காட்டியிருந்தார்கள். அதே ஆண்டில் வந்த இன்னொரு ஆய்வு பிரான்சின் போர்தோவில் நடந்தது. ஒயின் படிப்புப் படிக்கும் மாணவர்கள் 54 பேருக்கு, வாசமில்லாத சாயத்தால் சிவப்பாக்கிய வெள்ளை ஒயினைக் கொடுத்தார்கள். அவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் விவரித்தார்கள். படித்த மூக்கையே கண் இழுத்துப் போய்விட்டது. இங்கிலாந்தில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பிரெஞ்சு இசை ஒலித்தபோது பிரெஞ்சு ஒயினும் ஜெர்மன் இசை ஒலித்தபோது ஜெர்மன் ஒயினும் அதிகம் விற்றதாக 1997-ல் ஒரு ஆய்வு. வாங்கியவர்களில் பெரும்பாலோர் இசையைக் காரணமாகச் சொல்லவே இல்லையாம்.

நிறத்தின் வேலையை நானே கடையில் பார்த்திருக்கிறேன். எருமை நெய் வெள்ளை. பசுவின் பாலில் இருக்கும் கரோட்டின் எருமைப் பாலில் இல்லாததால் மஞ்சள் வராது. ஒரே சட்டியில் இறக்கிய எருமை நெய்யில் பாதியை எவர்சில்வர் தூக்கிலும் பாதியைப் பித்தளைத் தூக்கிலும் வைத்தால், பித்தளையின் மஞ்சள் நெய்யில் மினுங்கும். முகர்ந்து பார்த்துவிட்டு வாங்கும் பெண்களில் அதிகம் பேர் பித்தளைத் தூக்கைத்தான் காட்டி, "இதுல வாசம் நல்லாருக்குதுங்க" என்பார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று நான் சொல்லிவிடுவேன். சொன்ன பிறகும் பித்தளைதான் அவர்களுக்கு மணக்கும். அதை ஏமாற்றம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவர்கள் வீட்டில் ஆத்தா நெய் எடுத்துப் போட்டது பித்தளைக் கிண்ணத்திலிருந்துதான். அந்தக் கையும் கிண்ணமும் சேர்ந்ததுதான் அவர்கள் அறிந்த மணம்.

ஆனால் இதைப் பிடித்துக்கொண்டு, இடத்தை ஜோடித்துவிட்டால் போதும், சரக்கு எப்படி இருந்தாலும் சரி என்று கிளம்புகிறவர்களை நான் ஏற்க மாட்டேன். மண்பானை, வைக்கோல், கிராமத்துப் படம் எல்லாம் வைத்துவிட்டு உள்ளே வாசமில்லாத நெய்யைக் கொடுத்தால், வீட்டுக்குப் போய்ச் சோற்றில் விடும்போது அது காட்டிக்கொடுத்துவிடும். இன்று வருகிற நெய்யில் பெரும்பகுதிக்கு வாசம் குறைந்ததற்குக் காரணம் தெளிவானது. பால் கறந்ததும் குளிரூட்டும் நிலையத்துக்குப் போகிறது. அங்கே மெஷினில் கிரீம் பிரித்து நேராக உருக்குகிறார்கள். தயிராக உறையும் படி நடுவில் இல்லை. உறை விட்ட பால் இரவெல்லாம் புளிக்கும்போதுதான் டைஅசிட்டைல் என்கிற வெண்ணெய் மணம் உண்டாகிறது. அந்த இரவைத் தாண்டிக் குதித்துவிட்டு, பிறகு எசன்ஸ் விட்டு அதை ஈடுகட்டப் பார்ப்பது எனக்குச் சம்மதமில்லை. பால் ஊற்றினால் வாரம் தவறாமல் பணம் கைக்கு வருகிறது, பெண்களுக்கும் கை வலி மிச்சம். வீட்டில் மத்து நின்றுபோனதற்கு யாரையும் குறைசொல்ல முடியாது. கடைந்த வெண்ணெய்க்கு அந்த உழைப்புக்கு உரிய விலையைக் கொடுக்க வேண்டியது வாங்குகிற எங்கள் பொறுப்பு.

இதையெல்லாம் படிக்காமலே தெரிந்து வைத்திருக்கும் ஒருவர் எனக்குத் தெரிந்த கல்யாணச் சமையல் மாஸ்டர். பல மண்டபங்களில் நெய்யை டின்னோடு வாங்கி, பந்தியில் ஆறிய தூக்கிலிருந்து பரிமாறுவார்கள். இவர் என்னிடம் நெய் வாங்க மாட்டார். "நெய்ய நானே உருக்கிக்கறனுங்க. நீங்க வெண்ணெய மட்டும் குடுத்துடுங்" என்பார். முதல் பந்திக்கு இலை போடுவதற்கு அரைமணி நேரம் முன்னால், சாப்பாட்டு ஹாலை ஒட்டிய கதவுப் பக்கம் அடுப்பை இழுத்துப் போட்டு வெண்ணெயை ஏற்றுவார். கை கழுவிக்கொண்டு உள்ளே வருகிற சனம் உட்காரும்போதே முருங்கைக்கீரை பொரிகிற வாசம் ஹால் முழுவதும் நிற்கும். வாழையிலையில் சூடான சோறு விழுந்து இலையின் பச்சை வாசமும் கிளம்பிய பிறகு, பருப்பின் மேல் அந்த நெய்யைக் கரண்டியால் ஊற்றச் சொல்வார். தனக்குச் செலவும் குறைகிறது என்பார். மணம் முன்னாடியே போய்விட்டால் ஆட்கள் இரண்டாவது கரண்டி கேட்பதில்லையாம். நான் ஒரு கல்யாணத்தில் நின்று பார்த்தேன், அவர் சொன்னபடிதான் நடந்தது.

வருகிற ஆவணி முகூர்த்தங்களுக்கு அவர் கேட்டிருப்பது தயிர் கடைந்த எருமை வெண்ணெய் மட்டும்தான். கிரீம் வெண்ணெய் வேண்டவே வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். சென்னிமலைப் பக்கம் இன்னும் எருமை கட்டியிருக்கும் சில வீடுகளில் சொல்லி வைத்திருக்கிறேன். பாலை நிலையத்துக்கு ஊற்றினால் கிடைப்பதை விட எவ்வளவு கூட்டித் தர முடியும் என்று அவர்கள் கேட்கிறார்கள். அந்தக் கணக்கை மாஸ்டரோடு உட்கார்ந்து இந்த வாரம் பேச வேண்டும்.